மறதியின் மறுபக்கம்

முதியவர் ஒருவர் பெயர்களை மறந்தாலோ, பகலில் உறங்கினாலோ, நடையில் தடுமாறினாலோ, 'வயதாகிவிட்டது' என்று சொல்லி நாம் கடந்துவிடுகிறோம். அந்தத் தடுமாற்றத்தில் மாத்திரைகளுக்கும் பங்கிருக்கக்கூடும் என்பதை மருத்துவ உலகம் மெல்லத்தான் ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் 1946இல் ஒவ்வாமைக்கான பெனட்ரில் விற்பனைக்கு வந்தது. அது தூக்கத்தையும் தந்தது. 1960இல் லிப்ரியமும் 1963இல் வேலியமும் மனப்பதற்றத்துக்கென வந்தன. நினைவாற்றலுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளின் செயலைப் பெனட்ரில் தடுக்கிறது. வேலியமோ கொழுப்பில் கரைந்து முதிய உடலில் பல நாட்கள் தங்கிவிடுகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 12 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 850 பேரை ஆராய்ந்த மருத்துவர் மார்க் பியர்ஸும் அவருடைய குழுவினரும், பாதிக்கும் மேற்பட்டோர் மனநிலையை மாற்றும் மருந்துகளை உட்கொண்டதாக 1988இல் எழுதினர். 1991இல் பியர்ஸ், 13 வல்லுநர்களின் கருத்தைத் திரட்டி, இத்தகைய இல்லவாசிகளுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டார். அவர் பெயராலேயே வழங்கும் அப்பட்டியலை அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2023இலும் திருத்தி வெளியிட்டது.

ஆனால் மருந்தைக் குறைத்தால் எல்லாம் நலமே என்று வரலாறு கூறவில்லை. இதே மாநிலத்து இல்லங்களில் ஜெரி ஏவோர்ன் குழுவினர் நடத்திய சோதனையின் முடிவுகள் 1992இல் வந்தன. மனநோய் மருந்து உட்கொண்டிருந்தோரிடம் அறிவாற்றல் சரிவு சில அளவீடுகளில் குறைந்திருந்தது. எனினும் மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்தது.

2015இல் சியாட்டில் ஆய்வாளர்கள், 65 வயதைக் கடந்த 3,434 பேரைச் சராசரியாக ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்து, அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகளை நெடுங்காலம் மிகுதியாக உட்கொண்டோரிடம் மறதிநோய் அதிகம் எனக் கண்டனர். இது தொடர்பைத்தான் காட்டுகிறது. மருந்தே காரணம் என நிறுவவில்லை.

வேலியம் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரக்கூடும். எனவே எதை, எப்போது, எவ்வளவு மெதுவாகக் குறைப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நம்மால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த முறை பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கையில், வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, 'இவற்றில் எவை இன்னமும் தேவை?' என்று கேட்கலாம்.