20 பவுண்டுக்கு ஒரு வாக்கு: மனநலக் கட்டடக் கொடையின் யார்க் வரலாறு

மனநோய் மருத்துவத்தின் வரலாற்றை எழுதுவோர் மருந்திலிருந்தோ கோட்பாட்டிலிருந்தோ தொடங்குவது வழக்கம். கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்களிடமிருந்து தொடங்கினால் கதை வேறு பாதையில் போகிறது. சம்பளத்துக்கோ மருந்துக்கோ கைவைக்க முடியாதபடி சுவருக்கும் கூரைக்கும் என்றே ஒதுக்கித் தரும் பணத்தை இன்று மூலதன மானியம் என்கிறோம். அதன் முன்னோடிகளை 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நன்கொடைப் பட்டியல்களில் காணலாம். பணம் கொடுத்தவருக்கு உள்ளே என்ன உரிமை கிடைத்தது என்பதே அந்தப் பட்டியல்களைப் படிக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி.

கொடை வெளித்தோற்றத்துக்கே செலவானால் என்ன ஆகும் என்பதற்கு லண்டன் பெத்லெம் மருத்துவமனை சாட்சி. ராபர்ட் ஹூக் வடிவமைத்து 1676இல் மூர்ஃபீல்ட்ஸில் எழுந்த அந்த மாளிகை பார்ப்பவரை மலைக்க வைத்தது. ஆனால் அது நின்றதோ பழைய நகர அகழியைத் தூர்த்த மண்ணில். காலப்போக்கில் சுவர்கள் விரிசல் கண்டன. 1815இல் நோயாளிகளை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

யார்க் மனநோய்க் காப்பகமும் பொது நன்கொடையில் உருவானதுதான். ஜான் கார் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1777இல் திறக்கப்பட்டது. ஹன்னா மில்ஸ் என்ற குவேக்கர் சமயக் கைம்பெண் 1790இல் அங்கே சேர்க்கப்பட்டு, சில வாரங்களில் இறந்துபோனார். பார்க்க வந்த குவேக்கர்களை உள்ளே விடவில்லை. அவர்களுக்கு அது ஆறாத மனக்குறையாயிற்று. தேயிலை வணிகர் வில்லியம் டியூக் தங்களுக்கென ஓர் இல்லம் கட்டலாம் என்று 1792இல் முன்மொழிந்தபோது, ‘நமக்கு எதற்கு?’ என்று தயங்கியவர்கள் அவர் சமூகத்திலேயே இருந்தார்கள். சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தில் 1796இல் ‘ரிட்ரீட்’ திறக்கப்பட்டது. ஏறத்தாழ 30 பேருக்கு மட்டுமே அங்கு இடம்.

கொடைப்பணம் எங்கே போயிற்று என்பதை அந்த வீட்டின் ஜன்னல் சொல்லும். கம்பி போட்டால் சிறை போலிருக்கும், போடாவிட்டால் ஆபத்து. ஆகவே ஜன்னல் சட்டத்தையே இரும்பில் வார்த்து, மரச்சட்டம் போலத் தோன்றும்படி செய்து, சின்னச் சின்னக் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். கதவின் தாழ்ப்பாள் இழுபடும் ஓசை நோயாளியை வதைக்கும் என்று அதற்குத் தோலுறை தைத்தார்கள். முற்றங்களில் முயலும் கோழியும் கடற்பறவையும் வளர்ந்தன. பிற்காலத்தில் ‘நன்னெறிச் சிகிச்சை’ என்று கொண்டாடப்பட்டதில் பாதிப் பங்கு தச்சருக்கும் கொல்லருக்கும் உரியது என்பேன்.

வில்லியமின் பேரன் சாமுவேல் டியூக் 1813இல் இந்த இல்லத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதைப் பழைய காப்பகத்தின் மருத்துவர் தம்மீது தொடுத்த மறைமுகத் தாக்குதலாகவே எடுத்துக்கொண்டார். நாளிதழில் சண்டை மூண்டது. கோட்ஃப்ரி ஹிக்கின்ஸ் என்ற நீதிபதி அங்கு நடந்த கொடுமைகளைப் பற்றிப் புகார்களைக் கிளப்பினார். இந்த இடத்தில்தான் நன்கொடை விதி வேலை செய்தது. 20 பவுண்டு கொடுத்தவர் எவரும் காப்பகத்தின் ஆளுநராகலாம், கூட்டத்தில் வாக்களிக்கலாம் என்பது விதி. செல்வர்களைக் கவர வைத்த அந்தச் சலுகையையே சீர்திருத்தக்காரர்கள் சாவியாக்கிக்கொண்டார்கள். சாமுவேலும் ஒத்த கருத்துடைய வேறு சிலரும் ஆளுக்கு 20 பவுண்டைக் கட்டிவிட்டு ஆளுநர்களாக உள்ளே போய் அமர்ந்தார்கள். அந்த டிசம்பர் மாதக் கடைசியிலேயே காப்பகத்தின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. நோயாளிகள் சிலர் மாண்டனர். தற்செயலா என்ற சந்தேகம் அன்றே எழுந்தது.

1814 வசந்தத்தில் ஹிக்கின்ஸ் காப்பகத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருக்குக் காட்டாமல் மறைத்த ஒரு கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளே சுமார் எட்டடிச் சதுரத்தில் நான்கு அறைகள். நனைந்து நாறிய வைக்கோல், மலம் அப்பிய சுவர், பாதி அடைபட்ட காற்றுத்துளைகள். இரவில் அங்கே அடைபட்ட 13 பெண்களைப் பகலில் மாடியில் ஒரு சிற்றறையில் வைத்திருந்தார்கள். இவற்றையெல்லாம் 1815இல் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் சாட்சியமாகச் சொன்னார். கட்டடத்துக்குக் கொடுத்த பணம் கட்டடத்தையே சோதிக்கும் அதிகாரமாக மாறிய அபூர்வமான தருணம் இது.

அதன்பின் கொடையின் இடத்தை வரிப்பணம் பிடித்தது. மாவட்டங்கள் காப்பகம் கட்ட 1808ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. 1845ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் பெருங்கட்டடங்கள் பெருகின. தனியார் கொடை நிபந்தனை விதிக்கும் பணமாக உருமாறியது. ஹென்றி மாட்ஸ்லி 1907இல் லண்டன் மாவட்ட மன்றத்துக்கு 30,000 பவுண்டு தர முன்வந்தபோது விதித்தவை இவை: மருத்துவமனை நகருக்குள் இருக்க வேண்டும், நோயின் தொடக்கத்திலேயே வருவோரைக் கவனிக்க வேண்டும், வெளிநோயாளர் பிரிவும் கற்பித்தலும் ஆராய்ச்சியும் இருக்க வேண்டும். மனநோயாளி என்ற சான்றிதழ் இன்றித் தாமாக வருவோரைச் சேர்க்கச் சட்டத்தையே 1915இல் மாற்ற வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் படைவீரர்களுக்குப் பயன்பட்ட அக்கட்டடம் 1923இல் பொதுமக்களுக்குத் திறந்தது.

1948இல் தேசிய சுகாதாரச் சேவை வந்தது. பெரும்பாலான மனநல மருத்துவமனைகள் அரசிடம் சேர்ந்தன. 1961இல் அமைச்சர் ஈனாக் பவல் தண்ணீர்த் தொட்டிக் கோபுரம் ஓங்கி நிற்கும் அந்தப் பழைய மருத்துவமனைகளின் காலம் முடியப்போகிறது என்று அறிவித்தார். தொண்டு நிறுவனங்களின் வேலை பகல்நேர மையம், குழு இல்லம், நெருக்கடியில் ஒதுங்க ஒரு வீடு என்று சிறிதாயிற்று. மானியம் தருவோர் இன்று பொதுவாகக் கேட்பது குத்தகை எத்தனை ஆண்டு, கட்டட அனுமதி வந்துவிட்டதா, மீதிப் பணம் எங்கிருந்து என்பவற்றை. ஆளுநர் வாக்கு போய்விட்டது. முடிவு அறிக்கையும் ரசீதுகளும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. ரசீது கதவைத் திறந்து பார்க்காது.

1777இல் எழுந்த யார்க் கட்டடம் பூத்தம் பார்க் மருத்துவமனை என்ற பெயரில் 2015 வரை நோயாளிகளை ஏற்றது. அந்தச் செப்டம்பரில் சோதனைக்கு வந்த ஆய்வாளர்கள், தற்கொலைக்கு வாய்ப்பளிக்கும் பொருத்துகளும் செவிலியர் கண்ணுக்கு எட்டாத மூலைகளும் இருப்பதைக் குறித்தார்கள். முதல்தர மரபுக் கட்டடம் என்ற பாதுகாப்பு இருந்ததால் நினைத்தபடி இடித்து மாற்றவும் வழியில்லை. சில வாரங்களில் வார்டுகள் காலியாயின. ஜான் காரின் முகப்பு இன்றும் நிற்கிறது.