ஓட்டல் ரூம் வாடகை ஏன் தினமும் மாறுகிறது? - புதுச்சேரியிலிருந்து ஒரு சின்ன வரலாறு



போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த நண்பன் ஒருவன் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டான். "செவ்வாய்க்கிழமை 1,400 ரூபாய் காட்டின அதே ரூமுக்கு சனிக்கிழமை 3,600 ரூபாயாம். அதே கட்டில், அதே ஃபேன். உங்க ஊர்ல இதையெல்லாம் கேட்க ஆளே இல்லையா?" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தெரிந்தவர் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். என் பெரியப்பா. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அறை உள்ள ஒரு லாட்ஜில் இருபத்தைந்து வருடமாக மேனேஜர்.

அவரிடம் கேட்டேன். "இன்னைக்கு ராத்திரி விக்காத ரூமை நாளைக்கு விக்க முடியாதுடா. அவ்வளவுதான் விஷயம்" என்றார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பெரிய வரலாறே இருக்கிறது என்பது தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவாடு ஆகாத சரக்கு

நம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மாவுக்கு மதியம் தாண்டினால் விலையைக் குறைத்தாக வேண்டும். அப்படியும் மிஞ்சினால் உப்புப் போட்டுக் கருவாடாக்கலாம். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் விற்காத சட்டையை மூட்டை கட்டி அடுத்த வாரம் கொண்டு வரலாம். ஆனால் ஓர் இரவு காலியாகக் கிடந்த அறையை என்ன செய்ய முடியும்? அதற்குக் கருவாடு கிடையாது!

இன்னொரு பக்கம், கூட்டம் அதிகமாக வருகிறது என்பதற்காகப் பன்னிரண்டு அறையைப் பதினைந்து ஆக்கவும் முடியாது. சரக்கு கூடாது, ஆனால் கெட்டுப் போகும். கையில் இருப்பது விலை ஒன்றுதான்.

சத்திரமும் பலகையும்

நம் ஊரில் தங்க இடம் கொடுப்பது நெடுநாளாக வியாபாரமே இல்லை, தர்மம். ராமேசுவரம் போகும் வழியில் தஞ்சை மராட்டிய அரசர்கள் கட்டிய சத்திரங்களில் வழிப்போக்கருக்குச் சோறும் இடமும் இலவசம். 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்து இறங்கியபோது தங்கியதும் ஓட்டலில் அல்ல, சங்கர செட்டியார் வீட்டு மாடியில், விருந்தாளியாக.

பிறகு லாட்ஜுகள் வந்தன. ரிசப்ஷனில் ஒரு பலகை தொங்கும். சிங்கிள் இவ்வளவு, டபுள் இவ்வளவு. ஊட்டி, கொடைக்கானலில் மட்டும் சீசனுக்கு ஒரு விலை, மற்ற நாளுக்கு ஒரு விலை. வருடத்துக்கு இரண்டு விலை என்பதே அப்போது பெரிய விஷயம்.

சண்டை தொடங்கியது வானத்தில்

தினமும் விலை மாறும் வழக்கம் ஓட்டலில் பிறக்கவில்லை. விமானத்தில் பிறந்தது. காலி சீட்டோடு பறந்துவிட்ட விமானமும் காலியாகக் கிடந்த அறையும் ஒரே ஜாதிதான்.

1972-ல் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட் என்பவர் ஒரு எளிய விதியைச் சொன்னார். அதை நம் ஊர் லாட்ஜுக்கு மாற்றிச் சொல்கிறேன். சனிக்கிழமைக்கு ஒரே ஒரு அறை பாக்கி. ஒருவர் இப்போதே 1,800 ரூபாய்க்குக் கேட்கிறார். காத்திருந்தால் 3,000 ரூபாய் கொடுக்க ஆள் வரலாம், வராமலும் போகலாம். பழைய கணக்கைப் பார்த்தால் பத்து சனிக்கிழமைகளில் ஏழில் அப்படி ஒருவர் வந்திருக்கிறார். 3,000-ல் பத்தில் ஏழு பங்கு 2,100. அது 1,800-ஐ விட அதிகம், அதனால் காத்திரு. பத்தில் ஐந்துதான் என்றால் 1,500. இப்போதே கொடுத்துவிடு. அவ்வளவுதான் விதி!

1978-ல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்கள் மீதான கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1981-ல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் மிகக் குறைந்த கட்டணத்தில் பறக்கத் தொடங்கியது. பெரிய நிறுவனங்கள் திணறின. எல்லா சீட்டையும் அந்த விலைக்குக் கொடுத்தால் நஷ்டம், கொடுக்காவிட்டால் ஆளே வரமாட்டார்கள்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் 1985 ஜனவரியில் வேறு வழி கண்டார். முன்கூட்டியே பதிவு செய்பவர்களுக்கு மட்டும் மலிவு விலை. அதுவும் எப்படியும் காலியாகப் போகும் என்று கணினி கணக்கிட்ட சீட்டுகளுக்கு மட்டும். கடைசி நேரத்தில் ஓடி வரும் வியாபாரிக்கு முழு விலை. பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் அந்தக் கணினிக் கணக்கு இல்லை. 1987-ல் அது கான்டினென்டல் நிறுவனத்தோடு இணைந்து காணாமல் போனது. தங்களை வீழ்த்தியது அந்த விலைக் கணக்குதான் என்று அதன் தலைவர் டொனால்ட் பர் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இந்த முறையால் மூன்று ஆண்டுகளில் 140 கோடி டாலர் பலன் கிடைத்தது என்பது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சொன்ன கணக்கு.

ஆலோசகர்கள் வந்தார்கள்

கிராண்டலிடமிருந்து இந்த யோசனை பில் மேரியட்டுக்குப் போனது. மேரியட் ஓட்டல்கள் இதை எடுத்துக்கொண்டன. "ரெவின்யூ மேனேஜ்மென்ட்", அதாவது வருவாய் மேலாண்மை என்று பெயர் நிலைத்தது. ஒவ்வொரு ஓட்டலும் கணித மேதைகளை வேலைக்கு வைக்க முடியாது அல்லவா? அதனால் அதைச் சொல்லிக் கொடுக்கவே ஆலோசனை நிறுவனங்கள் தோன்றின. ராபர்ட் கிராஸ் என்பவர் அட்லாண்டாவில் ஏரோநாமிக்ஸ் என்ற நிறுவனத்தை நடத்தினார். 1989-ல் ஐடியாஸ் என்ற நிறுவனம் தொடங்கியது. பிறகு அது நம் புனேயிலும் அலுவலகம் வைத்தது.

அவர்கள் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. பத்து அறையில் நாலு அறையை 3,000-க்கு விற்றால் 12,000. எட்டு அறையை 1,800-க்கு விற்றால் 14,400. எது நல்லது? நாலு அறைக்காரர் "எங்கள் ஓட்டலில் வாடகை 3,000" என்று பெருமை பேசலாம். எட்டு அறைக்காரர் "எங்கள் ஓட்டல் எப்போதும் நிரம்பி வழிகிறது" என்பார். இரண்டுமே தப்பான அளவுகோல். மொத்த வருமானத்தை இருக்கிற எல்லா அறைகளாலும் வகுக்க வேண்டும். முதலாமவருக்கு அறைக்கு 1,200, இரண்டாமவருக்கு 1,440. (கூடுதல் நாலு அறைக்குத் துணி துவைக்கும் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள்!)

இந்தியாவில் பலகை எவ்வளவு பிடிவாதமாக இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது, ஓட்டல் அறைக்கு எத்தனை சதவீத வரி என்பதை வாங்கிய வாடகை முடிவு செய்யவில்லை, அறிவித்த வாடகைதான் முடிவு செய்தது. பலகையில் 8,000, கொடுத்தது 6,000 என்றாலும் 8,000-க்கு உரிய 28 சதவீதம்தான். 2018 ஜூலையில் இதை மாற்றி, உண்மையில் வாங்கும் வாடகையே கணக்கு என்றார்கள். பலகை செத்துவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்ட நாள் அது என்பேன்.

புதுச்சேரிப் பஞ்சாங்கம்

அதே 2018-ல்தான் பெரியப்பாவின் லாட்ஜ் முதலாளி ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். வந்தவர் முதலில் கேட்டது கம்ப்யூட்டரை அல்ல, பழைய ரிஜிஸ்டர்களை. யார், எந்த ஊர், எந்தக் கிழமை, எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தார் என்று மூன்று வருடக் கணக்கைத் தட்டி ஏற்றினார்.

அதிலிருந்து புதுச்சேரிக்கு என்று ஒரு பஞ்சாங்கமே கிடைத்தது. வெள்ளி இரவு முதல் ஞாயிறு காலை வரை சென்னை, பெங்களூர்க் கூட்டம். பிப்ரவரி 21, ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15, நவம்பர் 24 ஆசிரமத்தின் தரிசன நாட்கள். டிசம்பர் 31 சொல்லவே வேண்டாம். திங்கள் முதல் வியாழன் வரை ஈ ஓட்டலாம்.

பஞ்சாங்கம் பொய்க்கும் நாளும் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011-ல் புத்தாண்டுக்கு இரண்டே நாள் முன்னால், டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல். 2020 மார்ச்சில் ஊரடங்கு. போன வருட ரிஜிஸ்டரில் இதெல்லாம் இருக்காதே!

ஜிப்மர் சீட்டு

இப்போது என் பெரியப்பாவைத் தூங்க விடாத கதைக்கு வருகிறேன்.

அந்த லாட்ஜுக்கு இன்னொரு வகை வாடிக்கையாளர் உண்டு. ஜிப்மருக்கு நோயாளியை அழைத்து வருகிறவர்கள். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். புது முறை வந்த முதல் மாதங்களில் ஒரு சனிக்கிழமை, திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் வார்டில். ஏற்கெனவே இரண்டு முறை 700 ரூபாய்க்குத் தங்கியவர். அன்று திரையில் 2,200. "போன தடவை 700-தானே குடுத்தேன் சார்?" என்று கேட்டாராம். பெரியப்பாவுக்கு விலையை மாற்றும் அதிகாரம் இல்லை. அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிவிட்டார், எங்கேயாவது தரையில் படுத்துக்கொள்ள.

திங்கட்கிழமை பெரியப்பா முதலாளியிடம் சொன்னார். முதலாளி ஆலோசகரைக் கேட்டார். அவர் திட்டுவார் என்று பெரியப்பா எதிர்பார்த்தார். ஆனால் அவர் ரிஜிஸ்டர் கணக்கைத் திறந்து காட்டினார். ஜிப்மர் குடும்பங்கள் பெரும்பாலும் வாரநாளில் வருகிறார்கள், நாலைந்து நாள் தங்குகிறார்கள், இணையதளத்துக்குக் கமிஷனும் இல்லை. சனிக்கிழமை இரண்டு அறையை அவர்களுக்கே ஒதுக்கினால் நஷ்டம் 3,000. அதே இரண்டு குடும்பமும் காலியாகக் கிடக்கும் ஐந்து வாரநாளில் தங்கினால் வரவு 7,000.

அன்றிலிருந்து இரண்டு அறை திரையிலேயே வராது. ஜிப்மர் சீட்டைக் காட்டினால் என்றைக்கும் 700. இரவு எட்டு மணி வரை யாரும் வராவிட்டால்தான் மற்றவர்களுக்கு. இப்படித் தகுதி பார்த்துத் தனி விலை வைப்பதற்கு இந்தத் துறையில் "வேலி" என்று பொருள்படும் பெயரே இருக்கிறதாம். 1985-ல் கிராண்டல் போட்டதும் வேலிதான். அவர் மலிவு டிக்கெட்டிலிருந்து வியாபாரிகளைத் தள்ளி வைக்கப் போட்டார். இங்கே நோயாளி வீட்டாரை உள்ளே வைக்கப் போட்டார்கள்.

"கணக்கு ஒத்து வரலைன்னா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"வேற கணக்கு போடச் சொல்லியிருப்பேன்" என்றார்.

என் நண்பனுக்கு இப்போது பதில் இருக்கிறது. சனிக்கிழமை 3,600 என்பது கொள்ளை அல்ல. கடற்கரையில் உலாவ வருகிறவன் செவ்வாய்க்கிழமைக்குத் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் நாள் பார்த்து வருவதில்லை. இந்த வித்தியாசம் திரைக்குத் தானாகத் தெரியாது. ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

மீண்டும் வேறொரு கட்டுரையில் சந்திப்போம்.