மெழுகுத்தாளும் கண்ணாடித் தகடும்: லினேயஸ் டிரைப்பின் ஒளிப்படக் கருவித் தேர்வு

தென்னிந்தியக் கோயில்களைத் தொடக்க காலத்திலேயே விரிவாகப் படம்பிடித்தவர்களுள் முதன்மையானவர் லினேயஸ் டிரைப் (1822–1902). கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த இவர், 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் ஆனார். மிகத் துல்லியமான படம் தரும் புதிய முறை ஒன்று அப்போதே வழக்கிற்கு வந்திருந்தும், டிரைப் பெரும்பாலும் அதைவிடத் துல்லியம் குறைந்த முறையையே கையாண்டார். படத்தின் தரத்தை ஒரே அளவுகோலால் அளக்க இயலாது என்பதற்கு இத்தேர்வு நல்ல சான்றாகும்.

இரு முறைகள்

1841இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தாள் நெகட்டிவ் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இம்முறையில் ஒரே நெகட்டிவிலிருந்து பல படிகள் எடுக்க முடிந்தது. ஆனால் தாளின் நார்களும் படத்தில் பதிந்ததால் நுண்ணிய கோடுகள் மங்கின.

இக்குறைக்கு 1851இல் இரண்டு தீர்வுகள் தோன்றின. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, தாளில் முன்கூட்டியே மெழுகேற்றி அதை வழவழப்பாகவும் ஒளி ஊடுருவக்கூடியதாகவும் ஆக்கினார். இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர், கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்னும் பசைக் கரைசலைப் பூசும் முறையை வெளியிட்டார். கண்ணாடியில் நார் இல்லை. எனவே படம் மிகத் தெளிவாக அமைந்தது. ஒளிபட வேண்டிய நேரமும் குறைந்தது.

வெப்பமும் பயணமும்

கண்ணாடி முறையில் ஒரு கட்டாயம் இருந்தது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து, உடனே உருத்துலக்க வேண்டும். ஆகவே போகுமிடமெல்லாம் இருட்டுக்கூடாரம், இரசாயனப் புட்டிகள், தண்ணீர், உடையக்கூடிய கண்ணாடிகள் ஆகியவற்றைச் சுமந்து செல்ல நேர்ந்தது. கொலோடியனில் கலந்துள்ள ஈதர் ஏறக்குறைய 35 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். தென்னிந்தியக் கோடையில் பூச்சு எவ்வளவு விரைவாக உலர்ந்துவிடும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

மெழுகுத்தாளைப் பல நாள்களுக்கு முன்பே ஆயத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். படமெடுத்த பின்னர், தங்குமிடம் சேர்ந்து பொறுமையாக உருத்துலக்கலாம். அதற்கு ஈடாக, ஒவ்வொரு படத்திற்கும் நெடுநேரம் ஒளிபட வேண்டியிருந்தது. நடமாடும் மனிதர்களைப் பதிவு செய்ய இது உதவாது; அசையாத கோபுரத்திற்கும் மண்டபத்திற்கும் இது தடையன்று. 1855இல் பர்மாவின் அமரபுரத்திற்குச் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவுடன் பயணம் செய்த டிரைப், தாள் முறையிலேயே 200க்கும் மேற்பட்ட காட்சிகளைப் பதிவு செய்திருந்தார்.

கருவியின் அளவு

நெகட்டிவைத் தாளோடு ஒட்டி வைத்து வெயிலில் படியெடுப்பதே அக்கால வழக்கம். நெகட்டிவ் எந்த அளவோ, படமும் அந்த அளவுதான். அதனால் டிரைப் ஏறக்குறைய 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் கொண்ட நெகட்டிவ்களுக்கு ஏற்ற பெரிய கேமராவைப் பயன்படுத்தினார். நெகட்டிவ் பெரிதாக இருந்ததால், தாளின் நார் ஏற்படுத்தும் மங்கலும் கண்ணை உறுத்தவில்லை.

1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய இந்த அளவும் போதவில்லை. சுவரைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் அமைத்தார். இக்கோயிலின் கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதியில் அச்சேறத் தொடங்கியது 1891இல்தான்.

குறைகளைக் களைதல்

அக்கால இரசாயனங்கள் நீல ஒளியையே மிகுதியாக ஏற்றன. இதனால் வானம் வெறும் வெள்ளையாகவும், மரங்கள் கருமையாகவும் பதிந்தன. டிரைப் நெகட்டிவின் மீது வண்ணம் தீட்டி மேகங்களைச் சேர்த்தார். இலைகளின் தோற்றத்தையும் திருத்தினார். கருவியால் இயலாததைக் கையால் நிறைவு செய்த முயற்சி இது. எனினும், இப்படங்களைச் சான்றாகக் கொள்வோர் அவற்றிலுள்ள மேகங்களை உண்மை எனக் கருதலாகாது.

ஆடம்பரமா, ஆவணமா?

1859இல் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்ற சார்லஸ் டிரெவெல்யன், அரசின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் எனக் கருதி இப்பணியை நிறுத்தினார். டிரைப் அதன்பின் ஒளிப்படத் துறையில் பெரிதாக எதையும் செய்யவில்லை.

1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், கண்ணாடித் தகடுகளைச் சுமக்கப் பல சுமையாட்களை அமர்த்திக்கொண்டு இமயமலையில் படமெடுத்தார். அவருடைய படங்கள் கடையில் விற்பனைக்கானவை. வாங்குவோர் எதிர்பார்த்த கூர்மையைக் கண்ணாடியே தந்தது. டிரைப்பின் தேவையோ, ஒரு மாகாணத்தின் கட்டடங்களைக் கோடைக்கு முன்னும் கோடையிலுமாகச் சுற்றிவந்து பதிவு செய்வது. இருவரின் தேர்வும் அவரவர் தேவைக்குப் பொருத்தமானதே. பின்னாளில் புதுப்பிக்கப்பட்டும் சிதைந்தும் போன பகுதிகள் 1858இல் எவ்வாறு இருந்தன என்பதை அறிய, மதுரை, திருவரங்கம், தஞ்சை, புதுக்கோட்டை ஆகிய இடங்களில் டிரைப் எடுத்த படங்களே இன்று ஆய்வாளர்களுக்குத் துணை நிற்கின்றன.