சாயர்புரம் வாத்தியாரின் இரண்டு வகைப் புத்தகங்கள்

நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும் ரோட்டில், புதுக்கோட்டையில் தெற்கே திரும்பினால் சாயர்புரம். 1986-ல் மாவட்டம் பிரியும் வரை அதுவும் நம்ம ஜில்லாதான். 1839-ல் இருபது வயதுகூட நிரம்பாமல் சென்னைக்கு வந்த ஜி.யு.போப், 1840-களில் இங்கே பள்ளி நடத்தினார். திருக்குறளையும் (1886) திருவாசகத்தையும் (1900) ஆங்கிலத்தில் தந்த போப்பை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வாத்தியார் போப்பைப் பற்றி.

அவர் எழுதிய தமிழ்ப் பாடநூல்கள் இரண்டு ரகம். நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு, தமிழிலேயே, கேள்வியும் பதிலுமாகப் படிப்படியான இலக்கண நூல்கள். பிள்ளைகளின் வாயில் தமிழ் ஏற்கெனவே இருந்தது. வேற்றுமை, எச்சம் என்று பெயர் சொல்லித் தந்தால் போதும். ஒப்பிப்பதும் அந்த வயதுக்குச் சுலபம்.

1855-ல் வெளியிட்ட தமிழ்க் கைந்நூலோ, வளர்ந்த வெள்ளைக்காரர்களுக்கு. 'ஆறு மாதத்தில் ஒரு மொழி' என்று ஒல்லென்டார்ஃப் என்ற ஜெர்மன்காரர் 1830-களில் ஐரோப்பாவில் பரப்பிய முறை அது. பாடத்துக்குக் கொஞ்சம் சொல், ஒன்றிரண்டு விதி, உடனே அவற்றை வைத்தே வாக்கியங்கள். அதுவும் செய்யுள் தமிழ் அல்ல, வழக்குத் தமிழ். எஞ்சினியர் பாஷையில் சொன்னால், தியரி முடியட்டும் என்று காத்திராமல் முதல் நாளே லேப்! பிற்பாடு, 1884 முதல், ஆக்ஸ்போர்டில் சிவில் சர்வீஸ் இளைஞர்களுக்கும் அவரே தமிழ் ஆசிரியர்.

அந்தக் கைந்நூலின் நீளமான தலைப்பில் இன்னொரு செய்தியும் உண்டு: ஆங்கிலம் படிக்கும் தமிழர்களுக்கும் இது பயன்படும் என்கிறார் போப்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு நம் கல்லூரிக்கு வரும் தம்பி, தங்கைகள் பலர், "சின்ன வயசிலேயே படிச்சிருக்கணும், இனிமே இங்கிலீஷ் எங்கே வரப்போகுது?" என்கிறார்கள். நெதர்லாந்தில் டச்சு கற்ற ஆங்கிலேயரை வைத்து 1978-ல் வெளியான ஆய்வில், முதல் சில மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12-15 வயதுக்காரர்களும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுச் சிறுசுகள் பின்தங்கியே இருந்தார்கள். பதினெட்டு வயது ஒன்றும் பிந்திய வயது அல்ல. ஆனால் அந்த வயதுக்காரரிடம் போய், பெயர்ச்சொல் என்றால் என்ன என்று வரையறை எழுதச் சொன்னால் எப்படி வரும்?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டு மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், உள்ளூரில் இருக்கும் நம்மில் யாராவது போய் உட்காரலாம். மெஷின் ஏன் நின்றது, எந்த பார்ட் தேய்ந்தது, நாளைக்குள் சரியாகுமா — இதையெல்லாம் அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லட்டும். அந்த வாக்கியத்துக்கு வேண்டிய இலக்கணத்தை மட்டும் நாம் அங்கேயே சொன்னால் போதும். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன்.