தணிதலும் தணித்தலும்

‘தணி’ என்னும் வினை தன்வினையாகவும் பிறவினையாகவும் வரும். தீ தணிந்தது என்போம். தாகத்தைத் தணித்தான் என்போம். நகரம் தகரமாக மாறும் அந்த ஓரெழுத்து வேற்றுமைக்குள் ‘தணித்தவர் யார்?’ என்னும் வினா அடங்கியிருக்கிறது.

நம் மரபு பசியையும் தீயாகவே கண்டது. மணிமேகலையில் காயசண்டிகையைப் பற்றிய தீராப் பசிநோயின் பெயரே யானைத்தீ. ஆதிரை முதற்பிச்சையிட்ட அமுதசுரபியிலிருந்து மணிமேகலை அளித்த உணவு அதைத் தணித்தது. இது பிறவினை, தணிக்க ஒரு கை வந்தது. பாரதியின் அக்கினிக் குஞ்சிலோ காடு தானே தணிகிறது. அங்கே யாரும் தணிக்கவில்லை. எரிவதற்கு ஏதும் எஞ்சவில்லை, அவ்வளவே. நிறைவால் வரும் அமைதிக்கும் அழிவால் வரும் அமைதிக்கும் தமிழ் ஒரே சொல்லைத் தந்திருப்பது எண்ணத்தக்கது.

இவ்விரு பொருளும் ஒருங்கே வாழும் நிலம் சிவகாசி. வானம் பார்த்த இம்மண்ணிலிருந்து 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். பட்டாசு பின்னர் வந்தது. பயிருக்குப் பகையான வறட்சி, மருந்தை உலர்த்தத் துணையாயிற்று. வயிற்றுத் தீயைத் தணிக்க இம்மக்கள் தீயையே தொழிலாகக் கொண்டனர்.

ஆனால் இது வேறுவகைத் தீ. பட்டாசு மருந்தில் சேரும் வெடியுப்பு, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே காற்றை மறைத்து மட்டும் அதை அணைத்துவிட இயலாது. குவிந்து கிடக்கும் மருந்து பற்றிக்கொண்டால், பெரும்பாலும் அது எரிந்து தீர்ந்தே தணியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் அங்கு வேலை செய்தவர் அல்லர். முதல் வெடியோசை கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றூரார்.

அத்தகைய நாளில் ‘தீ தணிந்தது’ என்று எழுதுவது இலக்கணப்படி பிழையன்று. ஆனால் அது எழுவாயாகத் தீயை மட்டுமே நிறுத்துகிறது. மனிதர் எவரும் அவ்வாக்கியத்தில் இல்லை. ‘தணித்தோம்’ என்று நாம் சொல்ல வேண்டுமாயின், அதற்கான வேலை தீப்பற்றிய பிறகு தொடங்குவதன்று. ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்னும் விதிகள் காலையில் கதவு திறக்கும்போதே காக்கப்பட வேண்டும். இந்நிலத்தில் தணித்தல் என்பதன் மெய்ப்பொருள் அதுவே.