ஒத்து ஊதியவர்

பிறர் சொல்லுக்கெல்லாம் தலையாட்டுபவனை ‘ஒத்து ஊதுகிறான்’ என்று ஏளனம் செய்வது தமிழர் வழக்கு. அவ்வழக்குப் பிறந்த இடம் ஆலயத்துப் பெரிய மேளமேயாகும். ஆயினும் மேளத்தில் ஒத்து ஊதியவர் ஏளனத்துக்கு உரியவரல்லர்.

நாகசுரம், தவில், ஒத்து, தாளம் ஆகிய நான்கும் கூடியதே பெரிய மேளம். ஒத்து பார்வைக்கு நாகசுரம் போன்றது; எனினும் விரலால் மூடித் திறக்கும் துளைகள் அதற்கு இல்லை. அடிப்புறத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பர். பின்னர் அதில் எழுவது ஒரே சுரம். அதனை அறுபடாமல் நெடுநேரம் ஊதவேண்டும். கன்னத்தில் தேக்கிய காற்றைச் சீவாளியில் செலுத்திக்கொண்டே மூக்கினால் மூச்சை உள்வாங்கப் பழகாதவருக்கு இஃது இயலாது.

சோழ நாட்டுக் காவிரிக்கரை ஊர்களில் குருகுல முறையில் பயின்ற சிறுவர் பலர், முதலில் ஆசானின் பின்னே நின்று ஒத்து ஊதினர். அல்லது தாளம் போட்டனர். ஆசான் இராகத்தில் எச்சுரத்தில் நிலைகொள்கிறார், எங்கே மூச்செடுக்கிறார், தவில்காரரை எப்போது கண்ணால் அழைக்கிறார் என்பவற்றை அவர்கள் அங்கு நின்றே கற்றனர். சுவாமி புறப்பாட்டில் கம்பீர நாட்டையில் மல்லாரி ஒலிக்கும். மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. லயமே அதன் உயிர். நாகசுரம் அதனை மூன்று காலங்களில் வாசிக்கும். தவில்காரர் வலக்கை விரல்களில் கூடும் இடக்கையில் குச்சியுமாக இடையே திஸ்ரம் புகுத்துவார். அவ்வேளையிலும் தாளம் பிடித்த சிறுவன் அசையலாகாது. அவன் கை இடறினால் மேளம் முழுவதும் இடறும்.

இருபதாம் நூற்றாண்டில் இம்முறை மாறியது. வீதியில் நெடுந்தொலைவு கேட்கும் திமிரி நாகசுரத்தின் இடத்தில், நீளம் மிக்கதும் சுருதி தாழ்ந்ததுமான பாரி நாகசுரத்தை நிலைபெறச் செய்தவருள் தலையாயவர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). கச்சேரி மேடையில் ஒத்தை விலக்கித் தம்புராவை ஏற்றவரும் அவரே. அவருடைய தோடி ஆலாபனைக்கு அது பொருத்தமாகவே அமைந்தது. அதில் குறை காண்பதற்கில்லை. பின்னர் சுருதிப்பெட்டியும், அதன்பின் மின்சாரச் சுருதிப்பெட்டியும் வந்தன. ஒத்துடன் நின்ற சிறுவன் நிற்க இடமின்றிப் போனான். இவ்விழப்பை அக்காலத்தில் பலர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

மலேசிய, சிங்கப்பூர் ஆலயத் திருவிழாக்களில் தமிழகக் கலைஞரும் யாழ்ப்பாணக் கலைஞரும் உள்ளூர்க் கலைஞரும் ஒரே மேளத்தில் நிற்பதுண்டு. ஒத்திகைக்கு நேரம் வாய்ப்பது அரிது. கொடியேற்றத்தன்று சந்தித்து, அன்று மாலையே மல்லாரி வாசிக்க நேரும். சுருதியைப் பெட்டி தந்துவிடுகிறது. தாளமோ இன்னும் மனிதர் கையிலேயே இருக்கிறது. இங்கு நாகசுரமோ தவிலோ பயிலும் பிள்ளைகளைக் கொண்டுபோய் நிறுத்துவதற்கு மேளத்தில் எஞ்சியுள்ள இடமும் அதுவே.