கடையில் கிடைத்த வாசகரும் சந்தா கட்டிய வாசகரும்

பத்திரிகை நடத்தும் எவருக்கும் இரண்டு வகை வாசகர்கள் உண்டு. ஒருவர் வேறு ஏதோ வாங்கக் கடைக்குப் போனவர். அங்கே தொங்கும் இதழின் அட்டை கண்ணில் பட, சில்லறையை நீட்டி வாங்கிக்கொள்கிறார். மற்றவர் ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அடுத்த இதழில் என்ன இருக்கும் என்று தெரியாமலே தபாலுக்குக் காத்திருப்பவர். இன்று முன்னவர் கூகுளில் எதையோ தேடி வந்து படித்துவிட்டுப் போய்விடுகிறார். பின்னவர் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து ‘தொடர்ந்து அனுப்புங்கள்’ என்கிறார். இவ்விருவரையும் பெருக்குவது எப்படி என்று கேட்கும் இளைஞர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு உத்திப் பட்டியல்களைப் புரட்டுகிறார்கள். தமிழிலேயே இதை இரு எல்லைகளிலும் நின்று செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எஸ்.எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’ ஒன்று, சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ மற்றொன்று. தரத்தில் எது உயர்ந்தது என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. வாசகரை எப்படிச் சேர்த்தார்கள், எப்படித் தக்கவைத்தார்கள் என்பதே இங்கே கேள்வி.

பூதூர் வைத்தியநாதையர் 1926இல் மாத இதழாகத் தொடங்கிய பத்திரிகை ஆனந்த விகடன். அவரால் தொடர்ந்து நடத்த முடியாமல் போனபோது, 1928இல் வாசன் அதன் உரிமையை வாங்கினார். பெயரில் உள்ள எட்டு எழுத்துக்கும் எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய் என்று பத்திரிகை உலகில் இன்றும் சொல்வார்கள். அந்த விலையைவிட முக்கியமானது, வாங்கியவர் எந்தத் தொழிலிலிருந்து வந்தார் என்பது. வாசன் விளம்பர ஏஜெண்ட். தபால் வழியே பொருள் விற்கும் வியாபாரமும் அறிந்தவர். முன்பின் தெரியாத ஒருவரை ஒரு நொடி நிறுத்தி, பையில் கைவிட வைப்பது எது என்பதை அவர் எழுத்தாளர்களிடமிருந்து கற்கவில்லை, விளம்பரத்திலிருந்து கற்றார். விகடனின் வளர்ச்சியை இந்தப் பயிற்சியை விட்டுவிட்டுப் பேசவே முடியாது.

1930களில் விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் அந்தப் பயிற்சியின் நேரடி விளைவு. பரிசுப் பணம் இருந்தது. கலந்துகொள்ள இதழ் வேண்டும். இலக்கியமே வேண்டாம் என்பவரும் இதழை வாங்கினார். விற்பனை ஏறியது. ஆனால் போட்டிக்காக வந்தவருக்கு விகடனோடு உறவு ஏதும் இல்லை. இதைவிடப் பெரிய பரிசை வேறொரு பத்திரிகை அறிவித்தால் அடுத்த வாரமே அங்கே போய்விடுவார். வாசன் இதைப் புரிந்துவைத்திருந்தார் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் போட்டி ஆட்களைக் கடைக்கு இழுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், வந்தவரைப் பிடித்து வைக்கும் வேலையை ரா. கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கியிடம் அவர் ஒப்படைத்திருந்தார்.

கல்கி செய்ததைத் தொடர்கதை என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். வாசகரைச் சேர்ப்பதில் அது எவ்வளவு நுட்பமான வேலை என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடை வாசகருக்கு எந்தக் கடமையும் இல்லை. ஒவ்வொரு வாரமும் அவர் புதிதாக முடிவெடுக்கிறார். ஒவ்வொரு வாரமும் அவரை இழக்கலாம். தொடர்கதை அந்த முடிவை அவரிடமிருந்து எடுத்துவிடுகிறது. ‘கள்வனின் காதலி’ விகடனில் வந்துகொண்டிருந்தபோது அடுத்த இதழை வாங்குவதா வேண்டாமா என்று எவரும் யோசித்திருக்கமாட்டார்கள். அதற்கு முந்தைய இதழிலேயே அந்த முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. ‘தியாக பூமி’யில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கே. சுப்ரமணியம் அந்தக் கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருக்க, படத்தின் காட்சிகளையே தொடருக்குப் படங்களாக விகடன் வெளியிட்டது. படம் 1939இல் திரைக்கு வந்தது. படம் பார்க்கப் போகிறவர் பத்திரிகைக்கு வந்தார், பத்திரிகை படித்தவர் படத்துக்குப் போனார். ஓரிடத்தில் கூடும் கூட்டத்தை இன்னோரிடத்துக்கு அழைத்துவரும் இந்த முறையைத்தான் இன்று புதுப் பெயர்களில் விற்கிறார்கள்.

அந்தப் பிணைப்பு எவ்வளவு கெட்டியானது என்பதற்கு 1941 சான்று. தனிநபர் சத்தியாக்கிரகத்தை ஒட்டிக் கல்கி விகடனிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி சதாசிவத்துடன் சேர்ந்து தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். முதலீட்டுக்காகச் சதாசிவத்தின் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக நடித்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணம் அச்சுக்கூடத்துக்கும் காகிதத்துக்கும் உதவியது. வாசகர்களை எந்தப் பணமும் வாங்கித் தரவில்லை. பத்தாண்டுகள் விகடனில் அவரைப் படித்தவர்கள் பெயரைப் பார்த்துக் கடையில் புதிய இதழையும் கேட்டு வாங்கினார்கள். 1950இல் தொடங்கி 1954 வரை அங்கே ‘பொன்னியின் செல்வன்’ வந்தபோது, வாராவாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. கடையில் தற்செயலாக வாங்கிய தாளைப் பேரப்பிள்ளைகளுக்கு வைத்துவிட்டுப் போனார்கள். சந்தா என்று ரசீது எழுதாவிட்டாலும் அவர்கள் சந்தாதாரர்களே.

செல்லப்பா முற்றிலும் வேறு கணக்கோடு வந்தார். ‘மணிக்கொடி’ இதழின் வழி வந்தவர். பெரிய பத்திரிகைகளின் உள்ளும் இருந்து பார்த்தவர். விற்பனைக்காக இதழ் தன்னை மாற்றிக்கொள்ளும்போது முதலில் வெளியேறுவது விமரிசனமும் கவிதையும் என்பதை அவர் கண்டிருந்தார். ஆகவே 1959 ஜனவரியில் ‘எழுத்து’ தொடங்கியபோது கதவை அவரே சாத்தினார். இதழ் கடைகளில் கிடைக்காது, சந்தா கட்டியவருக்கு வீடு தேடி வரும், 2000 பிரதிகளுக்கு மேல் அச்சாகாது என்று அறிவித்தார். தமிழில் விற்பனைக்குக் கீழ் எல்லை தேடியவர்கள் ஆயிரம் பேர். மேல் எல்லை வகுத்தவர் இவர்.

இதில் பிடிவாதம் மட்டும் இருந்ததாகச் சொல்வது அநியாயம். அந்த முடிவுக்குத் தொழில் ரீதியான காரணமும் உண்டு. கடைக்குப் போகும் இதழுக்கு ஏஜெண்டுக்குக் கமிஷன் தர வேண்டும். விற்காதது ரிட்டர்ன் ஆகும். விற்ற பணம் எப்போது கைக்கு வரும் என்பது ஏஜெண்டின் மனத்தைப் பொறுத்தது. சில நூறு பிரதி அச்சிடும் இதழ் இந்த மூன்றையும் தாங்காது. சந்தாவிலோ பணம் முன்னால் வருகிறது, எத்தனை பிரதி அடிப்பது என்று தெரிகிறது, ஒரு தாளும் வீணாவதில்லை. பெரிய பத்திரிகைக்குக் கடை விற்பனையில் வரும் நஷ்டத்தை விளம்பரம் ஈடுகட்டும். 1948இல் ஏபிசி என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பு வந்தபின், சான்றளிக்கப்பட்ட எண்ணிக்கையைக் காட்டி விளம்பரக் கட்டணத்தை உயர்த்தவும் முடிந்தது. விளம்பரமே வேண்டாத இதழுக்குக் கூட்டம் எதற்கு? செல்லப்பாவின் கணக்கில் தர்க்கப் பிழை இல்லை.

பலனும் கிடைத்தது. சந்தாதாரர்கள் வெறும் வாசகர்களாக நிற்கவில்லை. திருகோணமலையிலிருந்து இளைஞர் தருமு சிவராமு எழுதினார். அவரே பின்னாளில் பிரமிள். வடக்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த வெங்கட் சாமிநாதன் விமரிசகராக உருவானது இந்த இதழின் பக்கங்களில். சுந்தர ராமசாமி பசுவய்யா என்ற பெயரில் கவிதை எழுதினார். ந. பிச்சமூர்த்தி மீண்டும் கவிதைக்குத் திரும்பினார். 1962இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தபோது 24 கவிஞர்களின் 63 கவிதைகள் அதில் இருந்தன; தமிழ்ப் புதுக்கவிதை என்று பிறகு நாம் அழைத்த இயக்கத்துக்கு அதுவே அடித்தளம். லட்சம் பேர் வாங்கும் இதழுக்கு வாசகரிடமிருந்து கடிதம் வரும். எழுத்துக்கு வாசகரிடமிருந்து அடுத்த இதழே வந்தது. இந்த ஒன்றை விகடனால் எந்தக் காலத்திலும் செய்திருக்க முடியாது.

ஆனால் 2000 என்ற அந்த எல்லையை எழுத்து ஒருபோதும் எட்டவில்லை. சந்தா என்பது சேர்த்துவிட்டால் அப்படியே நிற்கும் சொத்து அன்று. ஆண்டு முடிந்ததும் சிலர் புதுப்பிக்க மறக்கிறார்கள், சிலர் ஊர் மாறுகிறார்கள், சிலருக்கு ஆர்வம் தணிகிறது. போனவர்களுக்கு ஈடாகப் புதியவர்கள் வந்தாக வேண்டும். எங்கிருந்து வருவார்கள்? இதழைப் பார்த்தே இராதவர் அதற்குச் சந்தா கட்டமாட்டார். கடையில் கிடைக்காத இதழைப் பார்க்க ஒரே வழி, ஏற்கனவே சந்தா கட்டிய நண்பரின் வீடு. அந்த நண்பர்கள் வட்டம் முடிகிற இடத்தில் வளர்ச்சியும் முடிகிறது. எழுத்து பிரசுர நூல்களை மூட்டையாகச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கிய செல்லப்பாவின் நடையை நாம் தியாகம் என்று போற்றுகிறோம், தியாகம்தான். கூடவே, சாத்திய கதவுக்குப் பதிலாக அந்த மனிதர் தன் கால்களையே வழியாக்கினார் என்பதையும் காண வேண்டும். இதழ் 1970இல் நின்றுபோனது.

யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. முடிதிருத்தும் தொழிலில் இருந்தபடியே எழுத்தாளரானவர் அவர். 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார். இதழைத் தெருவில் தானே எடுத்துச் சென்று, ஆளைப் பார்த்துப் பேசி விற்றார். முன்பின் தெரியாதவரும் வாங்கலாம். வாங்கியவரை அடுத்த மாதம் ஜீவா பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கடையின் திறந்த வாசலையும் சந்தாவின் நெருக்கத்தையும் ஒரே ஆளாகச் சுமந்ததால்தான் போருக்கிடையிலும் மல்லிகை நீண்டது என்பது என் கருத்து. ஒரு மனிதரின் ஆயுளோடு கட்டப்பட்ட முறை என்பதே அதன் குறை.

இன்றைய தேடுபொறியை விகடன் காலத்துக் கடையோடு முழுவதும் ஒப்பிட முடியாது. ஊரில் நூறு கடைகள் இருந்தன. ஒரு கடைக்காரர் உங்கள் இதழை உள்ளே தள்ளி வைத்தாலும் அடுத்த தெருவில் வேறொருவர் வெளியே தொங்கவிடுவார். இன்று தேடுவோரில் மிகப் பெரும்பாலோருக்குக் கடை ஒன்றே ஒன்று, அதன் பெயர் கூகுள். 2011இல் நடந்ததை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் தெரியும். டிமாண்ட் மீடியா என்ற அமெரிக்க நிறுவனம், மக்கள் எதைத் தேடுகிறார்கள் என்று கணக்கெடுத்து, அதற்கேற்பக் குறைந்த கூலிக்குக் கட்டுரைகளை எழுதி வாங்கி ‘ஈஹவ்’ தளத்தில் குவித்தது. அவ்வாண்டு ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது. அடுத்த மாதமே கூகுள் ‘பாண்டா’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, மேலோட்டமான கட்டுரைகளைத் தேடல் பட்டியலில் கீழே தள்ளத் தொடங்கியது. சில மாதங்களில் ஈஹவ்வும் சறுக்கியது. பின்னர் நிறுவனம் பெயரையே மாற்றிக்கொண்டது. வாசகர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. அவர்கள் ஒருநாளும் அந்தத் தளத்தின் வாசகர்களாக இருந்ததில்லை, அவ்வளவுதான். குறுக்கெழுத்துப் போட்டி இருந்தது, கல்கி இல்லை.

விகடனையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. தேடி வருகிறவரின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மகிழ்வது தவறு. அதை வெறுப்பதும் தவறு. வாசன் அந்நியரை வரவேற்றார், தங்கவும் காரணம் கொடுத்தார். செல்லப்பா தங்கியவருக்கு எல்லாம் கொடுத்தார், அந்நியருக்கு வழி விடவில்லை. தரத்துக்காகக் கதவைச் சாத்த வேண்டும் என்ற செல்லப்பாவின் அச்சம் அன்று நியாயமானது. ஏனென்றால் கடைக்குப் போக வேண்டுமானால் அட்டையிலிருந்து மாற வேண்டியிருந்தது. இன்று அப்படி இல்லை. நெல் ரகம் பற்றியோ, பழைய நாடகக் குழு பற்றியோ, சிறுநீரக நோயாளியின் உணவு பற்றியோ ஆழமாக எழுதப்பட்ட ஒரு கட்டுரையை, அதையே தேடும் ஒருவர் ஐந்தாண்டு கழித்தும் கண்டெடுக்க முடிகிறது. எழுத்தின் தரத்தோடு விகடனின் வாசலையும் வைத்திருக்கும் வாய்ப்பு செல்லப்பாவுக்குக் கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஆகவே இதழ் தொடங்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். மக்கள் உண்மையிலேயே கேட்கும் கேள்விகளுக்கு, பத்தாண்டு கழித்தும் பயன்படும்படி, உங்களால் முடிந்தவரை முழுமையாகப் பதில் எழுதுங்கள். தலைப்பில் அந்தக் கேள்வி தெளிவாக இருக்கட்டும். வந்தவர் அடுத்ததையும் படிக்கும்படி ஒரு தொடரை நடத்துங்கள், எந்தக் கிழமையில் வரும் என்று சொல்லி அந்தக் கிழமையில் கொடுங்கள். கட்டுரையைப் படித்து முடித்தவரிடம் தயங்காமல் சந்தா கேளுங்கள். சந்தாதாரர் முகவரிப் பட்டியலை எந்த நிறுவனத்திடமும் விட்டுவைக்காமல் உங்கள் கையிலேயே ஒரு பிரதி வைத்திருங்கள். சந்தா முடிந்தவருக்கு நீங்களே, பெயர் சொல்லி, ஒரு கடிதம் எழுதுங்கள்.